அசல் சான்றிதழ் கேட்கும் கணினி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்குப் போகவேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய செயலியும் வேண்டுமாம். நம் இரவுப் பாடசாலைகளிலும் அம்பேத்கர் படிப்பகங்களிலும் இருக்கும் கணினிகள் எவை? அரசு கொடுத்த இலவச மடிக்கணினி, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது, வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி அனுப்பிவைத்தது. இவற்றில் எத்தனை அந்த வாசலைத் தாண்டும்?

காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அந்த எந்திரங்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆனால் 'லினக்ஸ் போடுங்கள்' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அது செலவு மிச்சம் பிடிக்கும் யோசனை மட்டுமல்ல. கருவி யார் கையில் இருக்கிறது என்ற பழைய கேள்வி அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியை நம் முன்னோர் கணினி வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறார்கள்.

அச்சுக்கூடத்தில் தொடங்கிய கேள்வி

1893இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே ஓர் இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. 1920 ஜனவரி 31இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் 'கேசரி' மறுத்தது. அடுத்தவன் பத்திரிகையில் நமக்கு இடம் கிடைக்காது என்பதற்கு அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அவர் பிறகு சொந்தமாக அச்சகமும் வைத்தார்.

எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுத்தை ஊருக்குக் கொண்டு சேர்க்கும் கருவியும் நம்மிடம் இருக்கவேண்டும் என்பது இவர்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு அந்தக் கருவி கணினி. எழுதுவது, வடிவமைப்பது, கணக்கு வைப்பது, ஆணையத்துக்குப் புகார் அனுப்புவது எல்லாமே அதில்தான் நடக்கிறது. கணினி நம் மேசைமேல் இருக்கிறது, சரி. அதை ஓட்டும் மென்பொருள் யாருடையது?

ஓர் அச்சுப்பொறியும் ஒரு மறுப்பும்

ஆரம்பத்தில் மென்பொருள் என்பது தனியாக விலை பேசப்படும் சரக்காக இல்லை. எந்திரம் வாங்கியவர்களுக்கு நிரலும் சேர்ந்தே வந்தது. பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று நிரல்களைக் கொடுத்து வாங்கின. 1976இல் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, தம் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுப்பது திருட்டு என்றார். அந்தப் பத்தாண்டின் முடிவில் நிரலைப் பூட்டி வைப்பதே தொழிலின் வழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஜெராக்ஸ் நிறுவனம் கொடுத்த லேசர் அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி தாள் சிக்கி நின்றுவிடும். பழைய அச்சுப்பொறியில் இதே தொல்லை வந்தபோது, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி அவரே நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்ய மூல நிரல் வேண்டும். வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தரமுடியாது என்று பதில் வந்தது. எந்திரம் கண்ணெதிரே இருக்கிறது, பழுது என்னவென்று தெரிகிறது, சரிசெய்யும் திறமையும் இருக்கிறது, ஆனால் தொடும் உரிமை இல்லை.

1983 செப்டம்பர் 27இல் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். முழுக்க முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை எழுதுவது நோக்கம். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 1989இல் குனு பொது உரிமத்தின் முதல் பதிப்பு வந்தது. பதிப்புரிமைச் சட்டம் பூட்டுவதற்காக எழுதப்பட்டது. அதே சட்டத்தைக்கொண்டு திறந்ததைத் திறந்தே வைத்திருக்கச் செய்தது இந்த உரிமம். மென்பொருளை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துக் கற்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம். ஒரே நிபந்தனை, நீ பெற்ற உரிமையை உன்னிடமிருந்து பெறுகிறவருக்கும் மறுக்கக்கூடாது. குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறியதும் வேலி போடக்கூடாது என்பதுதான் இதன் பொருள்.

குனுவிடம் எல்லாம் இருந்தது, ஆனால் இயங்குதளத்தின் கருவான 'கெர்னல்' மட்டும் இன்னும் தயாராகவில்லை. 1991 ஆகஸ்ட் 25இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழுவொன்றில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. மறு ஆண்டே அதைக் குனு பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அதுதான் லினக்ஸ். 1993இல் டெபியன் என்னும் விநியோகம் தொடங்கியது. முதலாளி இல்லாமல், தன்னார்வலர்கள் தங்களுக்குள் ஒரு சாசனம் எழுதிக்கொண்டு இன்றுவரை நடத்துகிறார்கள். 2004 அக்டோபரில் டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உலகத்தின் எந்த மூலைக்கும் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். இணைய இணைப்பு இல்லாத ஊர்களுக்கு லினக்ஸ் தபால்காரர் கையில் வந்தது அப்படித்தான்.

உரிமம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்டார் ஆபிஸ் என்ற மென்பொருளை 1999இல் சன் நிறுவனம் வாங்கியது. 2000இல் அதன் மூல நிரலைத் திறந்துவிட, அது ஓப்பன் ஆபிஸ் ஆனது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. புது முதலாளியின் போக்கில் நம்பிக்கை இல்லாத நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். நிறுவனம் கைமாறியது, மக்கள் உழைப்பு கைமாறவில்லை. இதே போல் ஒரு பூட்டிய மென்பொருள் கைமாறியிருந்தால் பயன்படுத்தியவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்?

தமிழ்நாட்டில் நடந்தது

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் விடாமல் போராடியதால் சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் லினக்ஸுக்கு மாறியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மலையாளத்தில் பாடநூல் எழுதினார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வையே அதில் நடத்தினார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் திசையில் பெரிய அடி எடுத்துவைத்தவர் ஒரு தலித் அதிகாரி. 1990ஆம் ஆண்டு ஆட்சிப்பணிக்கு வந்த சி. உமாசங்கர், திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோதே வட்டாட்சியர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கிக் கவனம் பெற்றவர். பின்னர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக வந்ததும் அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றினார். அரசுக்காக எல்காட் வாங்கிய கணினிகளையும் லினக்ஸோடு வாங்கச் செய்தார். பொதுப்பணத்தை ஏன் உரிமக் கட்டணமாக அள்ளிக் கொடுக்கவேண்டும் என்ற எளிய கேள்விதான். ஆனால் அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் அதைக் கேட்டு, செயலிலும் காட்டியது அபூர்வம்.

2010 ஜூலையில் அன்றைய தமிழக அரசு அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. அவருடைய பட்டியல் சாதிச் சான்றிதழ் செல்லாது என்பது குற்றச்சாட்டு. ஊழல்களை வெளிக்கொண்டு வந்ததற்கான பழிவாங்கல் இது என்றார் உமாசங்கர். தலித் அமைப்புகள் தெருவில் இறங்கின. பிறகு உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. லினக்ஸுக்காகத்தான் அவர் தண்டிக்கப்பட்டார் என்று நான் சொல்லவரவில்லை. இருபது ஆண்டு பணி செய்த ஓர் அதிகாரியைத் தட்டிவைக்க நினைத்தபோது கைக்கு எட்டிய முதல் ஆயுதம் சாதிச் சான்றிதழாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

விலை கொடுத்து வாங்காத விண்டோஸ் 7 கணினிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். திரை திடீரென்று கறுப்பாகிவிடும். வலது கீழ் மூலையில் 'இந்த நகல் அசலானது அல்ல' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். படிப்பகத்துக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டேதான் கணினி கற்றார்கள். பள்ளியில் சேர, உதவித்தொகை வாங்க, வேலைக்குப் போக என்று ஒவ்வொரு வாசலிலும் அசல் சான்றிதழ் கேட்டு நிறுத்தப்படும் பிள்ளைகளிடம், கற்கும் கருவியும் அதையே கேட்கவேண்டுமா? ஏழைக்குத் திருட்டு நகலே போதும் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். திருட்டு நகல் நம்மை விடுவிப்பதில்லை. முதலாளிக்கு இன்னொரு வாடிக்கையாளரைப் பழக்கிக் கொடுக்கிறது, கூடவே நம் தலையில் திருடர் என்ற பட்டத்தையும் வைக்கிறது. அந்தப் பட்டம் நமக்குப் புதிதா என்ன?

2011 செப்டம்பர் 15இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நம் வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது அந்தத் திட்டத்தால்தான். அதன் அருமையை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சிடாக் மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. ஆனால் அதை யார் திறந்தார்கள்? கணினியைப் போட்டதும் இரண்டு பெயர் தெரியும். ஒன்றைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், மற்றதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கே பயிற்சி இல்லை. கேரளத்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

காகிதத்தில் திறந்த குளம்

மகத் குளத்தின் கதை நமக்குத் தெரியும். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோர் உட்பட அனைவருக்கும் உரியவை என்று போலே தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு மகத் நகராட்சியும் சவுதார் குளம் திறந்தது என்று முடிவெடுத்தது. ஆனாலும் நம் மக்கள் ஒருவரும் அதில் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடித்தபோதுதான் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அதற்கு விலையாக அடியும் வாங்கினார்கள்.

கட்டற்ற மென்பொருளும் காகிதத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நடந்துபோனவர்கள் யார்? லினக்ஸ் எழுதியவர்களுக்கு வீட்டில் கணினி இருந்தது, ஆங்கிலம் இருந்தது, ஓய்வு நேரம் இருந்தது. இந்தியாவில் அதைச் சுற்றிக் கூடியவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 'நிரல்தான் பேசும், சாதி பேசாது, இங்கே தகுதி மட்டும்தான்' என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். தகுதி என்ற சொல் இடஒதுக்கீட்டு விவாதத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் வாசனை தெரியும். இரவில் உட்கார்ந்து நிரல் எழுத நேரமும் மின்சாரமும் தனியறையும் உள்ளவர்களின் தகுதி அது.

தலைவர் வழிபாடும் அங்கே உண்டு. 2019இல் ஒரு பாலியல் குற்ற விவகாரத்தில் பேசிய பேச்சுக்காக ஸ்டால்மன் அறக்கட்டளைத் தலைமையிலிருந்து விலக நேர்ந்தது. 2021இல் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பியபோது பெரிய எதிர்ப்பும் எழுந்தது. அரசியலில் நாயக வழிபாடு சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரின் பிள்ளைகள் நாம். ஆகவே கருவியை எடுத்துக்கொள்வோம், சாமியாக்க வேண்டாம்.

இப்படிச் சொல்வதால் ஒதுங்கி நிற்கலாம் என்று பொருளல்ல. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் நன்கொடையாக வந்த கணினிகளை வைத்து ஒரு மையம் தொடங்கினார்கள். அதற்கு அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்று பெயர். கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே குனு லினக்ஸில் கற்றார்கள், ஜிம்ப் மென்பொருளில் படம் வரைந்தார்கள். அந்த மையத்தைப் பற்றிக் குனு திட்டத்தின் கல்விப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2020இல் லினக்ஸ் கெர்னல் குழு, புதிதாக எழுதும் நிரலில் 'எஜமான், அடிமை' என்ற சொற்களைத் தவிர்க்கவேண்டுமென்று விதி கொண்டுவந்தது. கறுப்பின மக்களின் போராட்டம் தெருவில் நடந்ததால் வந்த மாற்றம் அது. யாராவது உள்ளே போனால்தான் உள்ளே மாறும்.

நம் எழுத்து நம் கையில் இருக்க

அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். பழைய 'தமிழன்' இதழ்களைச் சிலர் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. காகிதத்தைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இப்போது 2002இல் பேஜ்மேக்கரில் வடிவமைத்த ஒரு தலித் சிற்றிதழின் கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதோடு கைவிட்டார்கள். எழுத்துருவோ அந்தக் காலத்துத் தனிக் குறியாக்கம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தமிழ் வராது, குப்பைதான் வரும். 1999 தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தாம், தாப் என்று தரப்படுத்தினார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தின் கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற எழுத்துரு மாற்றிகள் இருப்பதால் கொஞ்சம் மீட்கமுடிகிறது. பத்திரிகை நடத்திய தோழர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். வட்டில் கிடக்கும் பழைய கோப்புகளை இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, ஓடிடி வடிவத்திலும் பிடிஎஃப் வடிவத்திலும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

எதை எடுப்பது, எப்படித் தொடங்குவது

விநியோகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதைப் பார்த்து மலைக்கவேண்டாம். 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். விண்டோஸில் பழகியவர்களுக்கு அதன் பட்டியல் அந்நியமாகத் தெரியாது. 2 ஜிபி மட்டும் இருந்தால் லுபுண்டு, அல்லது எக்ஸ்எஃப்சிஇ போட்ட டெபியன். மிகப் பழைய 32 பிட் எந்திரங்களைப் பல விநியோகங்கள் கைவிட்டுவிட்டன, அவற்றுக்குத் தேர்வு குறைவு. யாரும் உதவிக்கு இல்லையென்றால் பக்கத்தில் யார் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே போடுங்கள். சந்தேகம் கேட்க ஆள் இருப்பதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை.

முதலில் ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். கோப்புகளை வேறு இடத்தில் படியெடுத்து வைக்காமல் நிறுவத் தொடங்காதீர்கள். ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியில் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபிஸ், படத்துக்கு ஜிம்ப், இதழ் வடிவமைக்க ஸ்கிரைபஸ்.

சிக்கலே இல்லை என்று சொன்னால் அது பொய். ஃபோட்டோஷாப் நேரடியாக ஓடாது. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். வேர்டில் செய்த கோப்பு லிப்ரே ஆபிஸில் கொஞ்சம் கலைந்து தெரியலாம். வேலைக்குப் போகும் இடத்தில் எக்செல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள். லிப்ரே ஆபிஸில் கூட்டலும் சராசரியும் சூத்திரமும் போடக் கற்ற பிள்ளைக்கு எக்செல் பழகச் சில நாள் போதும். படிப்பகத்தில் நான்கு கணினி இருந்தால் மூன்றில் லினக்ஸ், ஒன்றில் பழையது என்று வைத்துக்கூடத் தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தால் போஸ் லினக்ஸுக்கு நேர்ந்ததுதான் மறுபடி நேரும். ஊருக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், அந்தக் கணினியைத் திறந்து மூடி, கெடுத்து, மறுபடி நிறுவிப் பழகியிருக்கவேண்டும். கெடுத்தாலும் யாரும் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். காசும் கேட்கமாட்டார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்கலாம்.

வருகிற ஏப்ரல் 14க்கு எல்லாப் படிப்பகங்களிலும் மாலை போடுவோம், கொடியேற்றுவோம். அன்று மாலை மூலையில் கிடக்கும் அந்தப் பழைய மடிக்கணினியையும் தூசி தட்டி எடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்த தோழர்களும் சொல்வார்கள்.

ஜெய் பீம்.